பந்தியைப் பார்த்து நின்றவர்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் விக்னெட்டுக்கு விரோதி கிடையாது. "அந்தக்கா இருந்தா ஓரத்தை டார்க் பண்ணவே வுடாது, கத்தும்" என்று விழுப்புரத்துக் கலர் லேப்களில் என்னைப் பற்றி ஒரு பேச்சு ஓடுவது எனக்குத் தெரியும். கத்துவேன்தான். எதற்குக் கத்தினேன் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மவுஸ் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு போய்விட்டது, வேலையை விட்டுவிட்டேன். வாய் மட்டும் நன்றாகத்தான் இருக்கிறது. கேளுங்கள்.

சாஃப்ட்வேரில் விக்னெட் என்று எழுதியிருக்கும். எங்கள் லேபில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. 'ஓரத்தை டார்க் பண்ணு', அவ்வளவுதான். நம் பக்கத்துக் கல்யாண மண்டபங்களுக்கு அது ஒரு வரப்பிரசாதம் என்று நானே சொல்வேன். மேடை ஓரத்தில் என்னதான் இருக்காது? ஸ்விட்ச் போர்டு, தொங்குகிற ஒயர், மடக்கிச் சாய்த்த பிளாஸ்டிக் நாற்காலி, யாரோ கழற்றிவிட்ட செருப்பு, வீடியோக்காரரின் முழங்கை. ஓரத்தை மெல்ல இருட்டாக்கினால் அந்தக் குப்பையெல்லாம் போய், நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும் பளிச்சென்று நிற்பார்கள். "ரிச்சா இருக்குது" என்று பார்ட்டியும் சந்தோஷமாக ஆல்பத்தை வாங்கிக்கொண்டு போகும். இதில் என்ன தப்பு இருக்கிறது? ஒன்றும் இல்லை.

ஆனால் ஓரத்தில் செருப்பு மட்டும் இருப்பதில்லை. ஆளும் இருப்பார்.

ஒருமுறை வல்லம் பக்கத்திலிருந்து ஒருவர் ஆல்பத்தைத் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். கவுண்டரில் விரித்து வைத்துவிட்டு, "எங்க வூட்டுத் தாய்மாமன் மூஞ்சில இன்னாத்துக்கு இப்படிக் கரியைப் பூசி வெச்சிக்கீறீங்க? பொண்ணுக்கு மாலை எடுத்துக் குடுத்தவரு அவரு!" என்று சத்தம் போட்டார். தாய்மாமன் கடைசி ஆளாக நின்றிருக்கிறார், இருட்டு அவரை விழுங்கிவிட்டது. அந்தப் பக்கத்தைப் புதிதாகப் போட்டுக் கொடுத்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினோம். அது சின்ன பேஜார்தான். ஆனால் அன்றிலிருந்து என் லேபில் இரண்டு விஷயம் கட்டாயம். ஒன்று, ஓரத்தை இருட்டாக்குவதற்கு முன்னால் நாலு மூலையிலும் யார் நிற்கிறார்கள் என்று பார். இன்னொன்று, இருட்டைப் படத்தின் மேலேயே பூசாதே, தனி லேயரில் போடு. ஜன்னலுக்குத் திரை போடுகிற மாதிரி. வேண்டாம் என்றால் விலக்கிக்கொள்ளலாம். "ஃபைல் சைஸ் ஏறுதுக்கா, டிஸ்க்கு தாங்காது" என்று டிசைனர்கள் முனகுவார்கள். ஏறினால் ஏறட்டும், புது டிஸ்க் வாங்கிக்கொள்ளலாம் என்று வாயை அடைத்துவிடுவேன்.

மூலையில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று புரிந்தது. நீங்களும் கவனியுங்கள். பெண்ணைப் பெற்ற அப்பா எந்தக் குரூப் போட்டோவிலும் நடுவில் நிற்க மாட்டார். போட்டோகிராபர் தொண்டை கிழியக் கத்திய பிறகு, துண்டைத் தோளில் சரி பண்ணிக்கொண்டே கடைசியாக ஓடிவந்து ஓரத்தில் ஒட்டிக்கொள்வார். நிற்பது மேடையில், தலை திரும்பியிருப்பது சாப்பாட்டு ஹால் பக்கம். பந்தியில் யாருக்கோ இலையில் கூட்டு விழவில்லை, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் யாரோ இடம் கிடைக்காமல் நிற்கிறார், தண்ணீர் வைக்கிற ஆளைக் காணோம். அவர் கண் முழுக்க அங்கேதான் இருக்கும். ஃப்ளாஷ் அடித்தது தெரிவதற்குள் இறங்கிப் போய்விடுவார்.

அப்படி ஓரத்தில் நின்ற ஒருவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அவர் பெயர் ஏழுமலை. மயிலத்துக்குப் பக்கத்துக் கிராமம், சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறவர். மகள் கலாவை வளவனூரில் கட்டிக் கொடுத்திருந்தார். அந்தக் கல்யாண ஆல்பம் எங்கள் லேபில்தான் செய்தோம். செய்தவன் சுகுமார், எனக்கு அடுத்து இருந்த டிசைனர், கை வேகமான ஆள். மாப்பிள்ளை வீட்டில் கறுப்புத் தாளில் ஆல்பம் வேண்டும், நல்லா டார்க்காக, ரிச்சாக வேண்டும் என்று கேட்டார்கள். கேட்டதைச் செய்தோம், மூலையில் யார் என்று பார்க்கிற என் முதல் விதியை அந்த வேகத்தில் மறந்துவிட்டு.

கலாவுக்குக் குழந்தை பிறந்து, அது தவழ்கிற சமயம். நல்ல முகூர்த்த நாள். காலையில் நான் ஷட்டரைத் தூக்கிவிட்டு உள்ளே போய் விசிறியைக்கூடப் போடவில்லை, அதற்குள் ஒரு கூட்டம் உள்ளே வந்தது. கலா, இடுப்பில் குழந்தை. பின்னால் அவள் புருஷன். அதற்குப் பின்னால் அவள் அம்மா பச்சையம்மா, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

"அக்கா, எங்கப்பாவைக் காணோம்க்கா."

கொஞ்ச நாளாகவே ஏழுமலைக்கு மறதி. டாக்டரிடம் காட்டலாம் என்று விழுப்புரத்துக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, குழந்தைக்குப் பால் ஆற்றுகிற நேரத்துக்குள் மனுஷன் இல்லை. ஸ்டாண்டு முழுக்கத் தேடிவிட்டு போலீசிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் உடனே கேட்டது ஒரு நல்ல போட்டோ. முகம் தெளிவாக, நேராகத் தெரிகிற போட்டோ.

கலாவின் போனில் அப்பா போட்டோவுக்கா பஞ்சம்? நிறைய இருந்தது. எல்லாவற்றிலும் அவர் மடியில் குழந்தை. குழந்தையின் முகம் அழகாகத் தெரிகிறது, குனிந்திருக்கிற தாத்தாவின் உச்சந்தலை தெரிகிறது. ஆதார் அட்டைப் படமோ எந்தக் காலத்திலோ எடுத்தது, பெரிய மீசையோடு வேறு ஆள் மாதிரி இருந்தார்.

"கல்யாண போட்டோ உங்ககிட்ட இருக்குமாக்கா? ஆனா எங்கப்பா எதுலயும் நிக்கவே இல்ல" என்றாள் கலா. "ஆல்பம் வந்தன்னிக்கே சண்டை போட்டேன்க்கா. பெத்த பொண்ணு கல்யாணத்துல ஒரு போட்டோவுக்குக் கூட வந்து நிக்கல, நீயெல்லாம் ஒரு அப்பாவான்னு கேட்டுட்டேன். அவரு அந்தாண்ட தலையைத் திருப்பிக்கினாரு."

சுகுமார் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். "அந்த ஃபைலை எட்றா" என்றேன்.

முதல் பக்கம் திரையில் வந்தது. மேடை, பெண், மாப்பிள்ளை, சுற்றி உறவுக்காரர்கள், ஓரமெல்லாம் கும்மிருட்டு. கறுப்புத் தாளோடு கலந்து, படம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. சுகுமார் அந்த இருட்டு லேயரை நிறுத்தினான். ஓரம் விடிந்தது. வலது கடைசியில், தோளில் துண்டோடு, பந்திப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு ஏழுமலை நிற்கிறார்.

அடுத்த பக்கம். இருட்டை எடுத்தோம், அதிலும் நிற்கிறார். அடுத்தது, அதிலும். அத்தை வீட்டார் குரூப், சித்தப்பா வீட்டார் குரூப், மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் குரூப், எதையும் விடவில்லை மனுஷன். யார் மேடை ஏறினாலும் கூடவே ஏறி ஓரத்தில் நின்றிருக்கிறார். எல்லாவற்றிலும் முகம் சாப்பாட்டு ஹால் பக்கம்.

"அய்யோ, இருந்திருக்காரே!" என்று கலா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தையை நான் வாங்கிக்கொண்டேன். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதை மறைப்பானேன். ஆனால் அழுதுகொண்டிருக்க அப்போது நேரம் இல்லை. சித்திரை வெயிலில் ஞாபகம் தப்பிய ஒரு பெரியவர் எங்கேயோ நடந்துகொண்டிருக்கிறார். பக்கத்தில் நாலு வழிச்சாலை, வண்டிகள் பேயாய்ப் பறக்கிற இடம்.

சுகுமார் அதற்குள் வேலையை ஆரம்பித்துவிட்டான். நல்ல எண்ணத்தில்தான் செய்தான், அதில் சந்தேகமே வேண்டாம். இப்போது வந்திருக்கிறதே ஏஐ, அதில் அந்தத் திரும்பிய முகத்தைக் கொடுத்து நேராகப் பார்க்கிற முகமாக மாற்றினான். சுருக்கமெல்லாம் போய், கண் அகலமாகி, லேசாகப் புன்னகையும் வந்துவிட்டது. அப்புறம் கை பழக்கம். எங்கள் லேபுக்கு ஒற்றை ஆள் முகம் அவசரமாக வந்தால் பெரும்பாலும் அது கண்ணீர் அஞ்சலி பேனருக்குத்தான். அதற்கு ஓரத்தைக் கறுப்பாக்க மாட்டோம், வெள்ளையாக்குவோம். முகத்தை முட்டை வடிவத்தில் வெட்டி, சுற்றிலும் மேகம் மாதிரி கரைத்துவிடுவோம். கல்யாணத்துக்குக் கறுப்பு ஓரம், சாவுக்கு வெள்ளை ஓரம். யாரும் போட்ட சட்டம் இல்லை, ஆனால் இந்த மாவட்டத்து பஸ் ஸ்டாண்டு சுவர்களைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் அது தெரியும். சுகுமாரின் கை தானாக அந்த வெள்ளை ஓரத்தைப் போட்டுவிட்டது.

பச்சையம்மா திரையைப் பார்த்தார். வாயில் அடித்துக்கொண்டார். "ஐயோ, சாமி! இன்னாத்துக்குடா இப்பிடிப் போட்ட? செத்துட்டாருன்னு முடிவே பண்ணிட்டியா?"

சுகுமார் சட்டென்று வெள்ளையை எடுத்தான். அந்த அம்மா இன்னும் உற்றுப் பார்த்தார். "ஆமா, இது யாரு?"

"உங்க வூட்டுக்காரருதாம்மா."

"எங்க வூட்டுக்காரரு எங்கடா சிரிச்சாரு? இது யாரோ சினிமாக்காரன் மாதிரி கீறான்."

மாப்பிள்ளைக்குப் பதற்றம். "அத்தை, கொஞ்சம் சும்மா இருங்க. போலீஸ்ல நேரா பாக்கற போட்டோதான் கேக்கறாங்க. அக்கா, இது தெளிவா இருக்குது, இதையே அனுப்பிடுங்க. ஜல்தியா அனுப்புங்கக்கா, நேரம் போய்க்கினே இருக்குது."

இந்த இடத்தில்தான் நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். எல்லோரும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்கிறவர் தெளிவான படம் கேட்கிறார். கையில் தெளிவான படம் இருக்கிறது, ஆனால் பொய். இன்னொன்று இருக்கிறது, உண்மை, ஆனால் முகம் முக்கால்வாசி திரும்பியிருக்கிறது, வாய் அரைகுறையாகத் திறந்திருக்கிறது, நெற்றியெல்லாம் கவலை. எதை அனுப்புவீர்கள்?

நான் பச்சையம்மாவிடம் கேட்டேன். "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் சும்மா நின்னா எப்படி நிப்பாரு?"

அவர் யோசிக்கவே இல்லை. முந்தானையை எடுத்துத் தோளில் துண்டு மாதிரிப் போட்டுக்கொண்டார். தலையை ஒரு பக்கம் திருப்பினார். "இப்பிடித்தான். எப்பப் பாரு, அந்தாண்ட எதையோ பாத்துக்கினு. எதிர்ல நிக்கற என்னைப் பாத்து என்னிக்குப் பேசினாரு?"

அப்படியே அந்தப் போட்டோவில் நிற்கிறவர் மாதிரியே இருந்தது.

நான் முடிவு பண்ணிவிட்டேன். "ஏஐ முகம் வேண்டாம். அந்த மூஞ்சியைத் தேடினா ஊரே சேர்ந்து தேடினாலும் கிடைக்காது, ஏன்னா அப்படி ஒரு ஆளே கிடையாது. ரோட்டுல போறவங்க கண்ணுல இவர் எப்படிப் படுவாரோ அதுதான் போகணும். துண்டு, நிக்கற சாய்வு, திரும்பின தலை, எல்லாம் இருக்கட்டும். முழு ஆளா வெட்டு. ஓரம் நேர்கோடா இருக்கட்டும். கறுப்பும் வேண்டாம், வெள்ளையும் வேண்டாம். வெளிச்சம் மட்டும் கொஞ்சம் ஏத்து."

"போலீஸ்ல ஒத்துக்குவாங்களாக்கா?" என்றார் மாப்பிள்ளை.

"ஒத்துக்கலன்னா என்கிட்ட பேசச் சொல்லுங்க."

ஒத்துக்கொண்டார்கள். படம் போலீசுக்குப் போனது. பஸ் ஸ்டாண்டு டைம் கீப்பருக்கும் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் போனது. நான் அதை இன்னொரு இடத்துக்கும் அனுப்பினேன். மாவட்டத்துப் போட்டோகிராபர்கள் எல்லோரும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப். அன்றைக்கு முகூர்த்தம், அவர்கள் எல்லோருமே ஆளுக்கொரு கூட்டத்துக்குள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிற ஆட்களை விட்டுவிட்டு யாரிடம் கேட்பது? வாய்ஸ் மெசேஜில் சொன்னேன். "தம்பிங்களா, இவர் பேர் ஏழுமலை, ஞாபகம் தப்பினவர், காலையில விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல காணாமப் போய்ட்டாரு. இன்னிக்கு எடுத்த ஃப்ரேமையெல்லாம் ஒருதரம் பின்னாடி தள்ளிப் பாருங்க. பொண்ணு மாப்பிள்ளையைப் பாக்காதீங்க. ஓரத்தைப் பாருங்க."

அதற்கப்புறம் காத்திருப்பதுதான் கொடுமை. பச்சையம்மா கண்ணை மூடி மயிலம் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தார். கலா அந்தத் திரையை விட்டு நகரவில்லை. சுகுமார் ஒரு வேலையும் ஓடாமல் மவுஸை உருட்டிக்கொண்டிருந்தான்.

வெயில் உச்சிக்கு ஏறியபோது போன் அடித்தது. திண்டிவனத்திலிருந்து அன்பு, கல்யாண போட்டோ எடுக்கிறவன். பின்னால் மேளச் சத்தமும் பாத்திரச் சத்தமும் கேட்டன.

"அக்கா! உங்காளு எங்க மண்டபத்துலதான்க்கா கீறாரு! பந்தியில தண்ணி ஊத்திக்கினு கீறாரு!"

"நல்லாப் பாத்தியாடா?"

"அக்கா, காலையிலேருந்து எல்லா குரூப்புலயும் ஓரத்துல வந்து நிக்கறாரு. நானே பொண்ணு வூட்டுக்காரருன்னு நெனச்சி, 'பெரியவரே, இந்தாண்ட பாருங்க'ன்னு கத்திக் கத்தி ஓய்ஞ்சி போய்ட்டேன். பொண்ணு வூட்ல அவரை மாப்ள வூட்டு ஆளுன்னு நெனச்சிக்கினு கீறாங்க, மாப்ள வூட்ல பொண்ணு வூட்டு ஆளுன்னு நெனச்சிக்கினு கீறாங்க. புடிச்சி ரூம்ல உக்கார வெச்சிடட்டுமா?"

மயிலம் பக்கத்து ஆள் பழக்கத்தில் திண்டிவனம் பஸ்ஸில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டுத் திண்டிவனத்தில் இறங்கியிருக்கிறார். எங்கேயோ மேளச் சத்தம் கேட்டிருக்கிறது. உள்ளே போயிருக்கிறார்.

"டேய், அவரை யாரும் தொடாதீங்க" என்றேன். "புடிச்சா மிரண்டு போய் இன்னொரு பஸ்ல ஏறிடுவாரு. அவர் பாட்டுக்கு ஊத்தட்டும். குடத்துல தண்ணி குறையாம மட்டும் பாத்துக்கோ. அவங்க வீட்டு ஆளுங்க வந்துக்கினே இருக்காங்க." அவசரத்தில் எனக்கும் இந்த ஊர்ப் பேச்சின் 'க்கினு' வந்துவிட்டது.

கார் பிடித்துக் கிளம்பினார்கள். நானும் கூடவே ஏறிக்கொண்டேன், லேபை சுகுமார் பார்த்துக்கொண்டான். நாங்கள் மண்டபத்துக்குள் நுழையும்போது கடைசிப் பந்தி நடக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டி, துண்டைத் தலையில் சுற்றி, ஜக்கோடு ஒவ்வொரு இலையாக வந்துகொண்டிருந்தார் ஏழுமலை. சட்டையெல்லாம் நனைந்திருந்தது. கலா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாம்மா, கல்யாணப் பொண்ணு நீயே எங்க போய்ட்ட? அங்க போட்டோவுக்குத் தேடறாங்க பாரு. நீ போய் நில்லு. இன்னும் ஒரு பந்திதான், முடிச்சிட்டு ஓடியாரேன்."

கலா கையை விடவில்லை. "நீ மெதுவா வாப்பா. நான் நிக்கறேன்" என்றாள். நின்றாள். அந்தப் பந்தி முடிந்து கடைசி இலை எடுக்கிற வரைக்கும் அப்பாவுக்குப் பக்கத்திலேயே நின்று, அவர் ஊற்ற ஊற்ற இவள் டம்ளரை எடுத்து எடுத்து வைத்தாள். அதற்கப்புறம் அவர் குழந்தை மாதிரி வந்து காரில் ஏறிக்கொண்டார்.

இதில் உங்களுக்கு வேண்டிய பாடத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றாகப் பிரித்து ஊட்டிவிட என்னால் ஆகாது. ஆனால் இன்னும் ஒரு துண்டு பாக்கியிருக்கிறது.

அந்தத் திண்டிவனத்துக் கல்யாண ஆல்பத்தையும் அன்பு எங்கள் லேபுக்கே டிசைனுக்கு அனுப்பினான். சுகுமார் பெரிய குரூப் போட்டோவைத் திறந்தான். வலது ஓரத்தில் ஏழுமலை, கையில் ஜக்கோடு, பந்திப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு. சுகுமார் மவுஸை வைத்துவிட்டு என்னைக் கேட்டான்.

"இன்னாக்கா பண்றது? இவங்களுக்கு இவர் யாருமே கிடையாதே. டார்க் பண்ணிடட்டுமா?"

"என்னைக் கேக்காதே. பார்ட்டியைக் கேளு."

ஸ்பீக்கரில் போட்டுப் பேசினான். பெண்ணின் அப்பாதான் எடுத்தார். ஓரத்தில் ஒரு பெரியவர் நிற்கிறார், உங்கள் உறவுக்காரர் இல்லை, இருட்டாக்கி மறைத்துவிடலாமா என்று சுகுமார் கேட்டான்.

"தண்ணி ஊத்தினவரா? வேணாம் தம்பி, வேணாம். அவரு இருக்கட்டும், நல்லா வெளிச்சமாவே இருக்கட்டும். நான் பந்தியண்ட நின்னுக்கினு இருந்தேன் தம்பி, அவருதான் வந்து ஜக்கைப் புடுங்கினாரு. 'நீ பொண்ணு பக்கத்துல போய் நில்லுய்யா, நான் பாத்துக்கறேன்'னு என்னைத் தள்ளிவுட்டாரு."

போனை வைத்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் அந்தப் படத்தை மறுபடியும் பார்த்தோம். நடுவில் பெண், பக்கத்தில் அவள் அப்பா, துண்டு கலையாமல், நேராகக் காமிராவைப் பார்த்துச் சிரிக்கிறார். நான் வேலை பார்த்த காலம் முழுக்க அப்படி நின்ற பெண்ணின் அப்பா அவர் ஒருவர்தான்.